எழுதுவோர் கையும் விசைப்பலகையும்

எழுதுவோர்க்குக் கை நோகும் என்பது புதிய செய்தியன்று. இத்தாலி தேசத்தில் மொதேனாவிலும் பதுவாவிலும் வைத்தியப் பேராசிரியராக விளங்கிய இரமத்சீனி என்பார், தொழிலாளர்க்கு வரும் நோய்களைக் குறித்து 1700-இல் ஒரு நூல் இயற்றினார். அதனை 1713-இல் விரித்து வெளியிட்டபோது எழுத்தரையும் கணக்கரையும் பற்றிய பகுதியொன்றைச் சேர்த்தார். இடைவிடாது உட்கார்ந்திருத்தல், கையை ஒரே திசையில் ஓயாமல் அசைத்தல், பிழை நேராமற் காக்கும் மனவருத்தம் என மூன்று காரணங்களை அவர் கூறுகின்றார். அவர் அறிந்த பத்திரம் எழுதுவோர் ஒருவர், நாளெல்லாம் எழுதி வலக்கை முற்றும் செயலற்றுப் போகவே, இடக்கையால் எழுதப் பழகினாராம். நெடுநாட் செல்லுமுன் இடக்கையும் அவ்வாறே ஆயிற்றாம். இறகும் மைக்கூடும் போய்க் கணினி வந்துவிட்ட இந்நாளிலும் அம்மூன்று காரணங்களுள் ஒன்றேனும் பொய்த்துவிடவில்லை.

நம் கல்லூரியில் எழுதுகோல் கொண்டு எழுதும் வேலை ஏறக்குறையப் பரீட்சை மண்டபத்தோடு நின்றுவிட்டது. மற்றவையெல்லாம் விசைப்பலகையின்மேல் நடைபெறுகின்றன. ஆராய்ச்சிக் கட்டுரையை மூன்று வாரத்திற் தாமே தட்டி முடித்த மாணவர் ஒருவர், அது முடிந்தபின் காப்பிக் குவளையை ஒருகையால் ஏந்த இயலாமல் இருகையாலும் பற்றியதை நாம் கண்டோம். அவர் தம் நோவைக் கூறியபோது உடனிருந்தோர் நகைத்தனர். எழுத்து வேலையை நோயென்று சொல்லுதல் சோம்பலுக்கு இட்ட பெயர் என்றார் ஒருவர். அந்நகைப்பே இதனை எழுதத் தூண்டியது.

நகைப்பும் புதியதன்று. இங்கிலாந்தில் தந்தி அடிப்போர்க்கு வந்த கைப்பிடிப்பை ஈட்டுத்தொகைக்குரிய தொழில்நோய்களுள் ஒன்றாக 1908-இல் அரசாங்கத்தார் சேர்த்தபோதும், அது கைநோயோ மனநோயோ என்னும் வழக்கு ஒழியவில்லை. 1980-களில் ஆஸ்திரேலியாவில் விசைப்பலகை வேலைக்காரர் பெருந்தொகையினர் கைநோவு கூறி விடுப்பெடுத்தபோதும் அதே வழக்கு மீண்டெழுந்தது. மனக்கவலை நோவைப் பெருக்கும் என்பது மெய்யே. இரமத்சீனியாரும் அதனை விட்டாரல்லர். ஆயின் அதுபற்றி நோவே இல்லை என்பது எங்ஙனம் பொருந்தும்?

கையின் அமைப்பைச் சிறிது நோக்குவோம். விரல்களை மடக்கி நீட்டும் வலிய தசைகள் விரலில் இல்லை, முன்கையில் உள்ளன. அவற்றினின்று கயிறுகள்போலத் தசைநாண்கள் புறப்பட்டு மணிக்கட்டைக் கடந்து விரல்களை இழுக்கின்றன. மணிக்கட்டின் உட்புறத்தில் எலும்புகளும் தடித்த நார் ஒன்றும் சேர்ந்து அமைத்த ஒடுங்கிய வழியொன்றுண்டு. அதனூடே ஒன்பது தசைநாண்களும் ஒரு பெரு நரம்பும் நெருங்கிச் செல்லுகின்றன. மணிக்கட்டு நேராக இருக்குங்கால் அவ்வழியில் அழுத்தம் குறைவு. மேனோக்கியேனும் கீழ்நோக்கியேனும் மிக மடிந்தால் அழுத்தம் ஏறும். ஒருமுறை மடித்தலால் யாதொரு தீங்கும் இல்லை. மடித்தபடியே நாளொன்றுக்குப் பல்லாயிரந் தட்டுத் தட்டுவதே தீங்கு. தட்டுவோர்க்கு வரும் நோவெல்லாம் இவ்வழியிற் பிறப்பதென்றும் கொள்ளற்க. முன்கையும் தோளும் கழுத்தும் அசையாது தூக்கிப் பிடித்தலாற் சோர்வதும் மிகுதியாகக் காணப்படுவதே.

இனி, கையை மடிக்கச் செய்வது யாது? நம் முன்னே கிடக்கும் பலகையே. அமெரிக்காவில் மில்வாக்கி நகரத்துச் சோல்ஸ் என்பவரும் அவர் கூட்டாளிகளும் 1868-இல் தட்டெழுத்துப் பொறிக்கு உரிமை பெற்றனர். ரெமிங்டன் கம்பெனியார் அதனைச் செப்பஞ்செய்து 1874-இல் விலைக்குக் கொணர்ந்தனர். அப்பொறியில் ஒவ்வொரு விசைக்கும் கீழே ஒரு நெம்புகோல் ஓடிற்று. ஒரு கோல் மற்றொன்றை முட்டாதிருக்கவேண்டியே விசை வரிசைகள் ஒன்றற்கொன்று சிறிது விலகிச் சாய்ந்து நின்றன. இன்று கோலும் இல்லை, முட்டுதலும் இல்லை. சாய்வு மாத்திரம் இருக்கின்றது. எழுத்துக்களின் வரிசையும் கோல்கள் சிக்காமைப்பொருட்டே அமைக்கப்பட்டதென்று பலர் கூறுவர். தந்தி எழுதுவோரின் வசதி நோக்கியதென்று மறுப்பாரும் உளர். எங்ஙனமாயினும் நெம்புகோலின் நன்மைக்குத் தோன்றிய அமைப்பிற்கு இன்றும் நம் எலும்புகள் வணங்கி நடக்கின்றன.

இரு கைகளையும் மார்புக்கு நேரே ஒரே வரிசையில் வைத்துப் பாருங்கள். முன்கைகள் இருபுறத்தினின்றும் சாய்வாக உள்நோக்கி வருகின்றன, பலகையோ நேர்கோடு. ஆகவே விரல்கள் வரிசையிற் பொருந்தவேண்டி மணிக்கட்டுக்கள் சிறுவிரற் பக்கமாக வளைகின்றன. உள்ளங்கைகள் முற்றும் கீழ்நோக்கிக் கவிழ்கின்றன. பலகையின் பின்புறத்துச் சிறு கால்களை நிமிர்த்திவிட்டாலோ, கைகள் மேனோக்கியும் மடிகின்றன. இக்கால்களை யார் பொருட்டு வைத்தனரோ அறியோம். எழுத்தைப் பார்த்துத் தட்டுவோர் கண்ணுக்கு அவை உதவலாம், கைக்குப் பகையே. இன்னும் பழைய தட்டெழுத்துப் பொறியில் வரிதோறும் உருளையைத் தள்ளவும் பக்கந்தோறும் தாளை மாற்றவும் வேண்டியிருந்தமையின், கை தன் நிலையை விட்டுச் சற்றே இளைப்பாறிற்று. விசை மெல்லிதாகிய பின்னர் அவ்விளைப்பாறலும் ஒழிந்தது. வேலை இலகுவாயிற்று என்று மகிழ்ந்தோம். ஆனால் ஓய்வும் உடன் போயிற்று.

இக்குறையைக் கண்டு திருத்த முயன்றோர் பலர். ஜெர்மனி தேசத்துக் கிளாக்கன்பெர்க் என்பார், பலகையை இரண்டாகப் பிளந்து ஒவ்வொரு பாதியையும் அவ்வக்கைக்கேற்பச் சாய்க்க வேண்டும் என 1926-இலேயே எழுதினார். 1972-இற் கிரோமர் என்பார் அத்தகைய பலகையைச் செய்து சோதித்துக் காட்டினார். இங்கிலாந்தில் லிலியன் மால்ட் என்னும் அம்மையாரும் ஹாப்டே என்பவரும் 1970-களில், விசைகளைக் கிண்ணம்போற் குழித்து, வீணே கிடக்கும் கட்டைவிரல்களுக்கும் வேலை கொடுத்தனர். 1994-இல் மைக்ரோசாப்ட் கம்பெனியார் நடுவே பிளந்து வளைந்த பலகையொன்றை வெளியிட்ட பின்னரே பொதுமக்கள் இவ்வுருவைக் கண்டனர். அறுபத்தெட்டாண்டுகட்குமுன் சொன்ன சொல் கடைக்கு வர இத்துணைக் காலமாயிற்று. உருவை விட்டு எழுத்து வரிசையையே மாற்றியவர் சியாட்டில் நகரப் பேராசிரியர் டுவோராக். அவரும் டீலி என்பவரும் 1936-இல் அதற்கு உரிமை பெற்றனர். மிகுதியாக வரும் எழுத்துக்கள் நடுவரிசையில் நிற்பதும் உயிரெழுத்துக்கள் இடக்கையில் அமைவதும் அதன் சிறப்பு. ஆயினும் 1956-இல் அமெரிக்க அரசாங்கத்தார் சார்பில் நடந்த சோதனையில், பழகியவரை மீளப் பழக்குதலால் வேகத்திற்கு ஊதியம் ஒன்றும் காணப்படவில்லை.

ஆயின் பிளந்த பலகை வாங்கினால் நோவு வாராதோ? வணிகர் அங்ஙனம் விளம்பரஞ் செய்கின்றனர். நாம் அத்துணை விரைந்து உடன்படமாட்டோம். ஏற்கெனவே கைநோவுடைய எண்பதுபேரைக் கொண்டு ஆறுமாதம் நடத்திய ஆராய்ச்சியொன்று 1999-இல் வெளிவந்தது. வளைந்த பலகையுடையார்க்கு வலி தணிந்தது. ஆனால் வைத்தியர் கைதொட்டுக் காணும் நோய்க்குறிகளில் அதற்கொத்த மாற்றம் தோன்றவில்லை. அதுவும் நாட்செல்லவே தணிந்தது; ஓரிரு வாரத்தில் அன்று. நோவுற்றார்க்கு உதவுதல் ஒன்று, நோவாமற் காத்தல் மற்றொன்று. முன்னதற்கு ஓரளவு சான்றுண்டு. பின்னதற்கு அத்துணை உறுதி இல்லை.

இதற்கு மாறாக, மலிவான இரண்டிற்குச் சான்று நன்றாயிருக்கின்றது. அமெரிக்க வரித்துறையில் எண்களைத் தட்டுவோர்க்கு வழக்கமான இடைவேளையோடு, அஃதில்லாத மணிதோறும் ஐந்து நிமிடம் கூடுதலாக ஓய்வு கொடுத்துப் பார்த்தனர். நோவும் கண்சோர்வும் குறைந்தன. வேலையின் அளவோ குறையவில்லை. இது 2000-இல் வெளிவந்த முடிபு. 2006-இல் வெளிவந்த மற்றோர் ஆராய்ச்சியில், தொலைபேசி வழியே வாடிக்கையாளர்க்கு விடைகூறும் 182 பேர் ஓராண்டு சோதிக்கப்பட்டனர். மேசை விளிம்பில் முன்கைகளைத் தாங்கும் அகன்ற பலகை பெற்றவர்க்குக் கழுத்து, தோள், வலக்கை நோவுகள் குறைந்தன. விசைப்பலகையை மாற்றாமலே கிடைத்த பயன் இது.

தமிழ் தட்டுவோர்க்கு இதில் தனிப்பங்கு உண்டு. யாழ்ப்பாணத்திற் பிறந்து மலாயாவுக்குச் சென்ற இரா. முத்தையா அவர்கள் தமிழ்த் தட்டெழுத்துப் பொறிக்கு வகுத்த அமைப்பு அந்நாளைக்கு அரிய செயல். எனினும் அப்பொறியிற் ‘கொ’ என்னும் ஓரெழுத்துக்கு மூன்று விசை வேண்டும். 1999-இற் சென்னை மாநாட்டை அடுத்துத் தமிழ்நாட்டு அரசாங்கத்தார் ஏற்ற தமிழ்99 முறையிற் ககரமும் ஒகரமுமாக இரண்டே போதும். உயிர்கள் இடக்கையிலும் மெய்களிற் பெரும்பாலன வலக்கையிலும் நிற்றலின், ஒரு கை தட்ட மறுகை இளைப்பாறும். ஓரெழுத்து இரட்டித்தால் முன்னதற்குப் புள்ளி தானே வந்து சேரும். ‘வாழ்த்து’ என்பதற்கு ஏழு தட்டே. ஆங்கில எழுத்தாற் கூட்டித் தட்டுவோர் ‘த்து’வுக்கு மாத்திரம் ஐந்து தட்டுத் தட்டி, மொத்தம் பத்து முடிப்பர். நம் மாணவரிற் பலர் இப்பின்வழியையே பின்பற்றுகின்றனர். மூன்றுநாட் சோம்பலுக்கு அஞ்சி வாழ்நாள் முழுதும் மிகைத்தட்டுத் தட்டுதல் அறிவுடைமையாகுமா?

தமிழ்99 குற்றமற்றதென்றும் சொல்லோம். வலக்கைச் சிறுவிரல் ந, ய, ண, ச, ஞ, ழ என ஆறெழுத்தைச் சுமக்கின்றது. அவற்றிற் சகரமும் யகரமும் ஓயாது வருவன. வலியற்ற விரலுக்கு இத்துணைப் பாரம் வைத்தது குறையே. பின்வருவோர் இதனைத் திருத்துவாராயின் தமிழ் எழுதும் கைகள் வாழ்த்தும்.

இவற்றை முன்னிட்டு நம் கல்லூரித் தலைவர்க்கும் துறையினர்க்கும் ஒரு விண்ணப்பம். விலையுயர்ந்த பலகைகளை அனைவர்க்கும் வாங்குமாறு கேட்கின்றோமல்லோம். நோவுற்றார் கேட்டால் ஒன்றிரண்டு வைத்திருத்தல் போதும். கணினிக் கூடத்து மேசைகள் எழுதுவதற்கென்று செய்தவை. தட்டுவோர்க்கு உயரம் மிகுதி. தோள் உயராமல், முழங்கை ஏறக்குறைய நேர்கோணமாய் நிற்கும் அளவிற்கு அவற்றைத் தாழ்த்தவேண்டும். தாழ்த்த இயலாவிடின் நாற்காலியை உயர்த்திப் பாதத்தின்கீழ் மணைப்பலகை இடலாம். பலகைகளின் பின்கால்களை இன்றே மடக்கிவிடலாம்; அதற்குக் காசில்லை. எண் தட்டாதவர்க்கு வலப்புற எண்விசைகள் இல்லாத குறும்பலகை நன்று. சுட்டியைத் தேடிக் கை நெடுந்தூரம் நீளவேண்டுவதில்லை. மடிக்கணினியில் நெடுநேரம் எழுதுவோர், திரையை உயர்த்தித் தனிப்பலகை சேர்த்துக்கொள்ளட்டும். இன்றேல் கழுத்தாவது தோளாவது நோகும். நம் அலுவலக எழுத்தர்க்கு மணிதோறும் ஐந்து நிமிட ஓய்வை உரிமையாக எழுதி வைத்தல் வேண்டும். கேட்டுப் பெறும் ஓய்வைக் கேட்க எழுத்தர் கூசுவர். பருவ இறுதியில் மதிப்பெண் பட்டியல் ஏற்றுங்காலத்தில் அவர் கேட்கவே மாட்டார்.

மேசை விளிம்பில் முன்கை தாங்கும் பலகைகளை நம் கல்லூரித் தச்சரே செய்யக்கூடும். அளவு கொடுத்தால், அலுவலகத்துக்கு முதலும் கணினிக் கூடத்துக்குப் பின்னுமாக, அடுத்த பருவத் தொடக்கத்துள் முடித்துத் தருவதாக அவர் நம்மிடம் கூறியிருக்கின்றார்.