தேவனா? கடவுளா?

நூம்பல் பக்கம் ஓடும் பூந்தமல்லி நெடுஞ்சாலையைப் பிடித்துக் கிழக்கே போனால் வேப்பேரியை அடையலாம். வேதத்தில் உள்ள ஒரு கிரேக்கச் சொல்லுக்குத் தமிழ் தேடி, ஜெர்மானியப் பாதிரியார் பப்ரிசியஸ் பாடுபட்ட இடம் அது. ‘தியோஸ்’ என்பதே அந்தச் சொல்.

1715-ல் தரங்கம்பாடியில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்த சீகன்பால்கு, ‘சருவேசுரன்’ என்றார். 1772-ல் பப்ரிசியஸ், ‘பராபரன்’ என்றார். 1871-ல் முழு வேதாகமமாக வெளிவந்த பவர் ஐயர் குழுவின் மொழிபெயர்ப்பு, ‘தேவன்’ என்றது. 1995-ல் வந்த திருவிவிலியம், ‘கடவுள்’ என்கிறது.

சச்சரவு இன்றும் ஓயவில்லை. “தேவன் என்றால் முப்பத்து முக்கோடி தேவர்களில் ஒருவன் என்று ஆகிவிடாதா?” என்பது ஒரு சாரார் கேள்வி. “பாட்டன் காலத்துப் பெயரை மாற்றலாமா?” என்பது மறு சாரார் கேள்வி.

இரு சாராரும் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். ‘தியோஸ்’ வேதத்துக்கென்றே பிறந்த சொல் அன்று. ஸீயஸ் முதலிய கிரேக்கத் தெய்வங்களுக்கும் அதே சொல்தான் வழங்கியது. ஊரார் நாவில் புழங்கிய அந்தச் சொல்லைத்தான் புதிய ஏற்பாட்டை எழுதியவர்கள் கூசாமல் எடுத்து ஆண்டார்கள்.

அவர்கள் காட்டிய வழியே நல்ல வழி. ‘கடவுள்’ அண்டை வீட்டாருக்கும் விளங்கும் சொல். புதிதாகப் படிப்பவருக்கு அதுவே ஏற்றது. அதற்காக, ‘தேவனே!’ என்று கண்ணீரோடு ஜெபிக்கும் மூதாட்டியைத் திருத்தக் கிளம்ப வேண்டாம். பெயர் நான்கானாலும், அழைக்கப்படுபவர் ஒருவர்தானே!