கிட் வேணாம்டா தம்பி!

யானைக்கவுனியில எங்க தெருப் பையன் ஒருத்தன் எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினியரிங் படிக்கிறான். போன ஞாயித்துக்கிழமை வந்து, "அண்ணே, 8085 கிட் வாங்கணும், ரிச்சி தெருவுல விசாரிச்சேன், அப்பாகிட்ட எப்படிக் கேக்கறது"ன்னு நிக்கிறான். அவங்கப்பா வால்டாக்ஸ் ரோடு கடையில கணக்கு எழுதறவர். கேக்கவே வேணாம்டான்னேன்.

கிட் இல்லாம அசெம்பிளி வராதுங்கற மூடநம்பிக்கையை விதைச்சது யாரு? நம்ம லேப்கள்தான். இன்டெல் 8085 வந்தது 1976-ல. பழசுங்கறது தப்பே இல்லை, சின்ன பிராசசர், ஆரம்பிக்க நல்லதுதான். சொல்லித்தர லட்சணம்தான் கொடுமை. 06 03 தட்டு, 80 தட்டு, 76 தட்டு, விடை வந்துச்சா, ரெக்கார்டுல கையெழுத்து வாங்கு, கிளம்பு! 06-ன்னா அடுத்து வர எண்ணை பி ரெஜிஸ்டர்ல போடு, 80-ன்னா அதை ஏ-வோட கூட்டு, 76-ன்னா நில்லு. இந்த மூணு வரியை அவனுக்கு ஒருத்தரும் சொல்லலை சாமி. ஆப்கோடு ஷீட்டை மட்டும் மனப்பாடம் பண்ணி வெச்சிருக்கான். ஒவ்வொரு படியா ஓட்டிப் பாக்கற வசதி கிட்டுலயே உண்டு. யாராவது தொட்டாத்தானே :-)

அவங்க அக்கா ஸ்கூல்ல வாங்கின அரசு இலவச லேப்டாப் வீட்ல தூங்கிட்டிருந்துச்சு. அதுல குனுசிம்8085 போட்டுக் கொடுத்தேன். ஸ்ரீதர் ரத்னகுமார் 2003-ல லினக்ஸுக்காக ஆரம்பிச்ச இலவச சிமுலேட்டர். ஏ-ல 255 வெச்சு 1 கூட்டச் சொன்னேன். ஏ பூஜ்யமாச்சு, கேரி 1 ஆச்சு. "ஓ, இதுதான் கேரியாண்ணே!" ரெண்டு செமஸ்டர் கழிச்சு! கூட்டறதுக்குப் பதிலா ஐஎன்ஆர் போட்டா கேரி அசையாதுங்கறதை அவனே கண்டுபிடிச்சான்.

ஸ்டெப்பர் மோட்டார் சுத்த வைக்கணும்னா கிட் வேணும், ஒத்துக்கறேன். அது காலேஜ்லயே இருக்கே, அப்பன் சம்பளம் எதுக்கு?

8085-ஓட நிக்கறதும் பாவம். ஐஐடி மெட்ராஸ்ல 'சக்தி'ன்னு பிராசசரே வடிவமைச்சு 2018-ல லினக்ஸ் ஓட்டிட்டாங்க. அது ரிஸ்க்-ஃபைவ் வகை. அடிப்படைக் கட்டளைகள் சுமார் 40, கையேடு இலவசம். ரார்ஸ் சிமுலேட்டரும் இலவசம், ஜாவா இருந்தாப் போதும். சி தெரிஞ்சவங்க ஜிசிசி-ல மைனஸ் எஸ் போட்டு, தங்கள் சி நிரல் அசெம்பிளியா என்ன ஆகுதுன்னு படிச்சுப் பாருங்க. வாத்தியாருங்களும்தான்.

நேத்து ராத்திரி பையன் மறுபடி வந்தான். "அண்ணே, 8085-ல பெருக்கல் கட்டளையே இல்லையாமே, அப்புறம் எப்படிப் பெருக்கறது?"

கூட்டிக்கிட்டே போய்ப் பாருடான்னு அனுப்பி வெச்சிருக்கேன்.