36 மணி நேர டியூட்டிக்கு யார் பொறுப்பு?

மதுராந்தகம், வேடந்தாங்கல், கல்பாக்கம், மாமல்லபுரம் என எந்தப் பக்கம் சிக்கலான பிரசவம் என்றாலும், ஜி.எஸ்.டி. சாலையில் பெரிய விபத்து என்றாலும், பலரும் நம்பி ஓடுவது செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத்தான். 1965-ல் தொடங்கிய கல்லூரி அது. இத்தகைய மருத்துவமனைகளில் நள்ளிரவு கேஸை முதலில் பார்ப்பவர்கள் பெரும்பாலும் பயிற்சி மருத்துவர்களும் பட்டமேற்படிப்பு மாணவர்களுமே. காலையில் ஓ.பி., பிறகு வார்டு, இரவெல்லாம் லேபர் வார்டு, விடிந்ததும் மறுபடி ரவுண்ட்ஸ். பல ஊர்களில் அந்த டியூட்டி 24 மணி நேரத்தோடு முடிவதில்லை.

இப்படி நடக்கக் கூடாது என்று அரசே எழுதிவைத்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. ரெசிடென்ட் டாக்டர்கள் ஒரே மூச்சில் 12 மணி நேரத்துக்கு மேலும், வாரத்தில் 48 மணி நேரத்துக்கு மேலும் சாதாரணமாக வேலை செய்யக் கூடாது என்றது மத்திய சுகாதார அமைச்சகத்தின் 1992 உத்தரவு. அது ஏட்டில் இருக்கிறது. 2024-ல் தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு பரிந்துரைத்த உச்சவரம்போ வாரம் 74 மணி நேரம். அதே குழுவின் ஆய்வில் பங்கேற்ற பட்டமேற்படிப்பு மாணவர்களில் 31 சதவீதம் பேர், தற்கொலை எண்ணம் தோன்றியதாகச் சொல்லியிருந்தார்கள்.

இந்தச் சுமை எல்லோரையும் அழுத்துகிறது. பெண்களை இரண்டு மடங்காக.

2024 ஆகஸ்ட் 9 அன்று கொல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் கொல்லப்பட்ட இளம் மருத்துவர், 36 மணி நேர டியூட்டிக்கு நடுவே கருத்தரங்கு அறையில் ஓய்வெடுத்துக்கொண்டிருந்தார். அதன் பிறகு மேற்கு வங்க அரசு யோசித்த வழிகளில் ஒன்று, இயன்றவரை பெண்களுக்கு இரவுப் பணியைத் தவிர்ப்பது. பாதுகாப்பு தருவதுதான் அரசின் கடமை, பெண்கள் இரவில் வேலை செய்யக் கூடாது என்று சொல்ல முடியாது என்று உச்ச நீதிமன்றம் அதைத் தடுத்தது. சரியான நிலைப்பாடு அது. இரவு டியூட்டி இல்லாமல் அவசர சிகிச்சையும் அறுவை சிகிச்சையும் கற்பது எப்படி? அன்றைக்கு இந்திய மருத்துவச் சங்கம் நடத்திய ஆய்வில், இரவில் ஓய்வறையே இல்லை என்றவர்கள் 45 சதவீதம். தேவைப்பட்டது தாழ்ப்பாள் உள்ள ஓர் அறையும் அதை ஒட்டி ஒரு கழிப்பறையும்.

தமிழ்நாடு பேறுகால விடுப்பில் முன்னோடி. 2021 ஜூலை முதல் அரசுப் பெண் ஊழியர்களுக்கு 12 மாதம். ஆனால் ஒரு மருத்துவர் விடுப்பில் போனால் அவர் இடத்தில் மாற்று ஆள் வராதபோது, அவருடைய டியூட்டியும் யூனிட்டில் மிச்சம் இருப்பவர்கள் தலையில் விழுகிறது. கர்ப்பிணி மீதான எரிச்சல் அங்கே தொடங்குகிறது. பட்டமேற்படிப்பு மாணவி விடுப்பு எடுத்தால் பயிற்சிக் காலம் நீள்கிறது. உடன் படித்தவர்கள் அடுத்த கட்டத்துக்குப் போன பிறகே அவர் தேர்வு எழுதுகிறார். முத்துலட்சுமி ரெட்டி 1912-ல் மருத்துவப் பட்டம் பெற்ற மாநிலத்தில் இன்றும் இதுதான் நிலை. உலக சுகாதார நிறுவனத்தின் 2019 அறிக்கைப்படி, சுகாதாரப் பணியாளர்களில் 70 சதவீதம் பெண்கள். தலைமைப் பொறுப்புகளில் அவர்கள் 25 சதவீதம். பதவி உயர்வுக்கு ஓட வேண்டிய வயதும் பிள்ளை பெறும் வயதும் ஒன்றாக இருக்கும்போது, வேறென்ன கணக்கு வரும்?

வேடந்தாங்கல் ஏரிக்கு வரும் பறவைகளுக்காக அந்த ஊர் மக்கள் தலைமுறைகளாகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. இரக்கம் மட்டுமல்ல காரணம்: பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம். பறவை நிம்மதியாக இருந்தால் நெல் விளையும் என்று கண்டுகொண்ட ஊர் அது. தூங்காத கை ஊசி மருந்தின் அளவைத் தவறவிட்டால் பாதிக்கப்படுவது நோயாளிதான் என்பதும் அதே அளவு கண்கூடு.

செய்ய வேண்டியவை ஐந்து. டியூட்டி அட்டவணையை மணிக்கணக்கோடு அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். வரம்பு மீறினால் யூனிட் தலைவர் பதில் சொல்ல வேண்டும். மகப்பேறு விடுப்புக்கு மாற்று மருத்துவர் பணியிடம் கட்டாயமாக வேண்டும். ஒவ்வொரு மருத்துவக் கல்லூரியிலும் இரவிலும் இயங்கும் குழந்தைகள் காப்பகம் வேண்டும். தேர்வுக் குழுக்களிலும் துறைத் தலைமைகளிலும் எத்தனை பெண்கள் என்பதை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். இவற்றில் முதலாவதற்குப் பெரிய செலவில்லை. சுகாதாரத் துறை நாளைக்கே உத்தரவிடலாம்.