கழுவக் கழுவப் போகாத அழுக்கு

சுத்தம் நல்லதுதான். ஆனால் சாப்பாட்டுக்கு முன்னால் கை கழுவ ஒரு மணி நேரம் ஆனால்?

கந்தர்வக்கோட்டைப் பக்கம் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். மருமகள் தண்ணீர்த் தொட்டியடியில் நிற்கிறாள். சோப்புப் போட்டுக் கை கழுவுகிறாள். மறுபடியும் கழுவுகிறாள். தோல் உரிந்து ரத்தம் கசிகிறது. அப்போதும் விடவில்லை. கடலைக் காட்டுக்கு ஆட்கள் போய்விட்டார்கள். இவள் வீட்டில் அடுப்பு இன்னும் பற்றவில்லை.

"குடம் குடமாய்க் கொட்டுகிறாளே! தண்ணீர் என்ன சும்மாவா வருகிறது?" என்று மாமியார் சத்தம் போடுகிறாள்.

"வேணுமென்றா செய்கிறேன், அத்தை? விட முடியவில்லையே!" என்று மருமகள் அழுகிறாள்.

அவள் சொல்வது உண்மை. இது திமிர் அல்ல. வேலைக்குப் போக்குக் காட்டுவதும் அல்ல. பேய், பிசாசும் அல்ல. இது ஒரு நோய். டாக்டர்கள் இதை ஓ.சி.டி. என்கிறார்கள். தமிழில் எண்ணச் சுழற்சி நோய். பொருத்தமான பெயர்தான். ஒரே எண்ணம் செக்குமாடு போலச் சுற்றிச் சுற்றி வருகிறது.

எல்லோருக்கும் அழுக்குப் பயம்தான் வரும் என்பதில்லை. ஒருவர் கதவைப் பூட்டிவிட்டு, பூட்டினோமா என்று இருபது தடவை இழுத்துப் பார்ப்பார். இன்னொருவருக்குக் கோயிலில் கும்பிடும்போதே சாமியைப் பற்றி ஆபாசமான எண்ணம் வரும். குழந்தை பெற்ற தாய் ஒருத்தி, 'இந்தப் பிள்ளையைக் கத்தியால் குத்திவிடுவேனோ' என்று பயந்து அரிவாள்மனையை ஒளித்து வைப்பாள். அவள் கொடுமைக்காரி அல்ல. அந்த எண்ணத்தை அவள் வெறுக்கிறாள். அதனால்தான் இவ்வளவு பயம். (காதில் யாரோ குரல் கொடுத்து 'குத்து' என்று ஏவுவதாகச் சொன்னால் அது வேறு நோய். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.)

இதையெல்லாம் வெளியே சொல்ல முடியுமா? சொல்வதில்லை. பெரும்பாலும் பள்ளிப் பருவத்திலோ இருபது வயதை ஒட்டியோ தொடங்குகிற நோய் இது. பலர் வருஷக்கணக்கில் மறைக்கிறார்கள். படிப்புப் போகிறது. சில வீடுகளில் கல்யாணமே முறிந்துபோகிறது.

அன்பே தீனி

விபூதி போடுகிறோம். தாயத்துக் கட்டுகிறோம். "அதை நினைக்காதே" என்று புத்தி சொல்கிறோம். நினைக்காதே என்றால்தான் நினைவு முந்திக்கொண்டு வரும்!

இன்னொரு வைத்தியமும் உண்டு. அதுதான் ஆபத்து. "பூட்டினாயா?" என்று கேட்டால் "பூட்டிவிட்டேன், அப்பா" என்கிறோம். ஐந்து நிமிஷம் கழித்து மறுபடி கேட்கிறார். மறுபடி சொல்கிறோம். மருமகள் கேட்டால் இன்னொரு சோப்பு வாங்கித் தருகிறோம். அன்புதான். ஆனால் கை நடுங்கும் குடிகாரனுக்கு இன்னும் ஒரு மடக்குக் கொடுப்பது போன்ற அன்பு. நடுக்கம் அப்போதைக்கு நிற்கும். நோய் வளரும்.

அப்படியானால் என்னதான் சிகிச்சை?

1966-ம் ஆண்டு லண்டனில் விக்டர் மேயர் என்ற மனோதத்துவ நிபுணர் இரண்டு நோயாளிகளைப் பற்றி எழுதினார். அவர்கள் எதற்குப் பயந்தார்களோ அதன் அருகிலேயே அவர்களை இருக்கச் செய்தார். பயம் வந்ததும் செய்கிற சடங்கை மட்டும் செய்யவிடவில்லை. நர்சுகள் கூடவே இருந்தார்கள். பயம் ஏறியது. பிறகு தானாக இறங்கியது! இருவருக்கும் நல்ல குணம் தெரிந்தது. இன்று உலகம் முழுவதும் இந்த நோய்க்குத் தரப்படும் முக்கியப் பயிற்சி இதிலிருந்து வளர்ந்ததுதான்.

பயிற்சி படிப்படியாக நடக்கும். முதல் நாள் கதவுக் கைப்பிடியைத் தொட வேண்டும், கழுவக்கூடாது. சில நாள் கழித்துச் செருப்பைத் தொட வேண்டும். எதைத் தொடுவது என்பது நோயாளியின் சம்மதத்தோடுதான். மாமியார் குழாயை அடைத்துவிட்டு "இதுதான் வைத்தியம்" என்று கிளம்பிவிடக் கூடாது!

புதுக்கோட்டை மாவட்டத்துப் பெண்களுக்கு இது எளிதில் விளங்கும். 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின்போது ஆயிரக்கணக்கான பெண்கள் இங்கே சைக்கிள் கற்றார்கள். விழுந்துவிடுவோமோ என்ற பயம் திண்ணையில் உட்கார்ந்து யோசித்ததால் போகவில்லை. ஏறி மிதித்த பிறகுதான் போனது.

மாத்திரையும் உண்டு. பலருக்குக் கேட்கிறது. ஆனால் பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகலாம். பதினைந்து நாளில் "கேட்கவில்லை" என்று நிறுத்திவிடுகிறவர்களும் உண்டு. டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது.

கேட்டுப் பெற வேண்டும்

இங்கேதான் என் அபிப்பிராயத்தைச் சொல்ல வேண்டும். மாத்திரைச் சீட்டும் நாலு ஆறுதல் வார்த்தையும் இந்த நோய்க்குப் பல பேருக்குப் போதாது. இந்தப் பயிற்சி தெரிந்த ஆள் வேண்டும்.

கந்தர்வக்கோட்டை தஞ்சாவூர்-புதுக்கோட்டை சாலையில் இருக்கிறது. வடக்கே பஸ் ஏறினால் தஞ்சை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. தெற்கே ஏறினால் 2017-ல் திறந்த புதுக்கோட்டை மருத்துவக் கல்லூரி. நோய் மிகவும் முற்றியிருந்தால் பெங்களூர் நிம்ஹான்ஸ் ஆஸ்பத்திரியில் ஓ.சி.டி.க்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது.

ஆனால் இந்தப் பயிற்சி ஒருநாள் வேலை அல்ல. வாரம் ஒரு தடவை என்று மூன்று, நான்கு மாதம் போக வேண்டியிருக்கும். போகிற நாளில் கூலி போகும். துணைக்கு வருகிறவர் கூலியும் போகும். பெங்களூர் என்றால் கேட்கவே வேண்டாம். பணக்கார வீட்டுப் பிள்ளைக்குக் குணமாகிற நோய், கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு ஆயுள் முழுவதும் இருக்க வேண்டுமா?

சர்க்கார் செலவில் மனநலச் சிகிச்சை பெறும் உரிமையை 2017-ம் ஆண்டுச் சட்டமே எல்லோருக்கும் கொடுத்திருக்கிறது. ஆகவே தாலுகா ஆஸ்பத்திரிக்கு வாரம் ஒருநாளாவது பயிற்சி தெரிந்த மனோதத்துவ நிபுணர் வர வேண்டும். வர முடியாத வாரத்தில் செல்போனில் முகம் பார்த்துப் பேசியே இதைத் தொடரலாம். அதற்குப் பெரிய கட்டடம் வேண்டாம். ஒரு அறையும் இரண்டு நாற்காலியும் போதும்.

அதுவரை காத்திருக்க வேண்டாம். 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். காசு இல்லை. இரவு பகல் எந்த நேரமும் பேசலாம். தமிழிலேயே பேசலாம். "ஓ.சி.டி.க்குப் பயிற்சி எங்கே கொடுக்கிறார்கள்?" என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். மருமகள் பெயரைச் சொல்லத் தயக்கமாக இருந்தால், அதைச் சொல்லாமலே கேட்கலாம்.