தொட்டில் எண்ணிக்கையும் டயப்பர் சந்தையும்

உலகெங்கும் பிறப்பு விகிதம் சரிந்து வருவதால், ஒருமுறை பயன்படுத்தி எறியப்படும் குழந்தை அணையாடையைச் செய்யும் தொழில், அதாவது டயப்பர் தொழில், அந்திமத்தை நெருங்கிவிட்டது என்றும், எஞ்சும் சந்தையை அமெரிக்காவின் இரு பெரு நிறுவனங்களே பங்கிட்டுக்கொள்ளும் என்றும், மலேசியா போன்ற நாடுகளில் விலை ஒன்றே வெற்றியைத் தீர்மானிக்கும் என்றும் பரவலாகச் சொல்லப்படுகிறது. ஜப்பானின் ஓஜி ஹோல்டிங்ஸ் நிறுவனம் உள்நாட்டுச் சந்தைக்கான குழந்தை டயப்பர் உற்பத்தியை 2024 செப்டம்பருடன் நிறுத்திக்கொண்டு முதியோர் டயப்பரில் கவனம் செலுத்தப்போவதாக அவ்வாண்டு மார்ச்சில் அறிவித்தது இக்கருத்துக்கு முதல் சான்றாகக் காட்டப்படுகிறது. அதே அறிவிப்பின் மறுபாதியில், தேவை வளரும் என்ற எதிர்பார்ப்புடன் மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் குழந்தை டயப்பர் உற்பத்தி தொடரும் என்று அந்நிறுவனம் கூறியிருப்பதைச் சான்று காட்டுவோர் விட்டுவிடுகிறார்கள்.

மலேசியாவிலும் பிறப்பு குறைகிறது என்பதில் ஐயமில்லை. 2023இல் 4,55,761 ஆக இருந்த பிறப்புகள் 2024இல் 4,14,918 ஆகக் குறைந்தன. மொத்தக் கருவள விகிதம், அதாவது ஒரு பெண் தன் வாழ்நாளில் சராசரியாகப் பெறக்கூடிய குழந்தைகளின் எண்ணிக்கை, 2022இல் நாடு முழுமைக்கும் 1.6 ஆகவும் இந்தியர்களிடையே 1.1 ஆகவும் இருந்தது. ஆயினும் சந்தையின் அளவு என்பது தலைக்கணக்கு மட்டுமன்று. ஒரு குழந்தைக்கு நாளொன்றுக்கு எத்தனை டயப்பர், எத்தனை மாதங்களுக்கு, எந்த வகை, என்ன விலை என்பவை சேர்ந்தே அது அமைகிறது. கணவனும் மனைவியும் வேலைக்குப் போகும் கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீடுகளில் குழந்தையின் பகற்பொழுது ‘தாஸ்கா’ எனப்படும் பராமரிப்பு நிலையத்தில் கழிவதால், பாட்டி பகலில் துணி கட்டி இரவுக்கு மட்டும் டயப்பர் போடும் பழைய வழக்கம் அங்கே செல்லுபடியாவதில்லை. நடக்கத் தொடங்கிய குழந்தைக்கு ஏற்றவாறு கால்சட்டைபோல் இழுத்து மாட்டும் வகையை ஜப்பானின் யூனிசார்ம் 1992இல் அறிமுகப்படுத்தியது. ஒட்டுப்பட்டை வகையைவிட விலை கூடிய இவ்வகை பரவும்போது, குழந்தைகள் குறைந்தாலும் வருவாய் அதே வேகத்தில் குறைவதில்லை. இதற்கும் ஓர் எல்லை உண்டு என்பதும், ஆண்டுதோறும் இப்படியே பிறப்பு சரிந்தால் எந்தப் புதுவகையும் ஈடுகட்டாது என்பதும் உண்மையே. ஆனால் அது சந்தை சுருங்குவதற்கான வாதமே அன்றி, மடிவதற்கான வாதம் ஆகாது.

அமெரிக்க இரட்டையர் ஆதிக்கம் என்ற கூற்றை மறுக்க ட்ரைபர்ஸ் என்ற ஒரு பெயரின் வரலாறே போதும். ஹூஸ்டனைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த ட்ரைபர்ஸ் கார்ப்பரேஷன் 2000 அக்டோபரில் அமெரிக்காவில் திவால் பாதுகாப்புக் கோரியது. பிறந்த நாட்டில் நொடித்த அந்நிறுவனத்தின் பெயர் மலேசியாவில் நிலைத்தது. ஸ்வீடனின் எஸ்சிஏ குழுமத்தின் கைக்கு வந்து, 2016இல் ஹாங்காங்கில் பட்டியலிடப்பட்டிருந்த விந்தாவுக்கு மாறியது; 2024இல் அந்த விந்தாவும் சிங்கப்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட ராயல் கோல்டன் ஈகிள் குழுமத்தின் வசமானது. விந்தாவின் தென்கிழக்காசியத் தலைமையகம் இன்று கிள்ளானின் பண்டார் புக்கிட் ராஜாவில் இருக்கிறது. மாமிபோக்கோவை விற்கும் யூனிசார்மோ, 2018இல் டிஎஸ்ஜி நிறுவனத்தை வாங்கி, மலேசியக் கடைகளில் பழகிய பெட்பெட்டையும் தன்னுடையதாக்கிக்கொண்டது. அந்த இரு அமெரிக்க நிறுவனங்களுள் ஒன்றான, ஹக்கிஸ் தயாரிக்கும் கிம்பர்லி கிளார்க் 2012இல் மேற்கு ஐரோப்பாவின் பெரும்பகுதியில் டயப்பர் வணிகத்தைக் கைவிடுவதாக அறிவித்தது. ஆனால் இந்தோனேசியாவில் 2020இல் சாஃப்டெக்ஸை 120 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. உள்ளூரில் வேரூன்றிய பெயரை வாங்கித்தான் நுழைய வேண்டும் என்பதற்கு, உலகப் பெரு நிறுவனம் ஒன்றே எழுதிக்கொடுத்த ஒப்புதல் இது.

மலேசியாவில் நடப்பது இறக்குமதிச் சரக்கை மடித்துப் பையிலிடும் வேலைதான் என்ற ஏளனமும் பொருளியலை அறியாததே. டயப்பரின் முக்கிய உள்ளீடுகள் மூன்று: பஞ்சாக அடிக்கப்படும் மரக்கூழ், தன் எடையைப்போல் பல மடங்கு நீரை உறிஞ்சிக் கூழாக மாறும் சூப்பர் அப்சார்பன்ட் பாலிமர் என்ற தூள், இழைகளை நெய்யாமல் வெப்பத்தால் பிணைத்துச் செய்யப்படும் நெய்யாத் துணி. மரக்கூழ் இறுக்கிய உருளையாகவும் பாலிமர் மூட்டையாகவும் கிள்ளான் துறைமுகத்தில் குறைந்த இடத்தில் வந்திறங்கும். செய்து முடித்த டயப்பரோ எடை குறைந்து இடத்தை அடைக்கும் பொருளாதலால் கப்பல் கட்டணத்தில் காற்றுக்கும் விலை கொடுக்க நேரும். வாங்குவோருக்கு அருகில் ஆலை அமைவது இதனால்தான். நெய்யாத் துணிக்குக் கடல் கடக்கவும் தேவையில்லை. டென்மார்க்கின் ஃபைபர்டெக்ஸ் பர்சனல் கேர் அதை நீலாயிலேயே தயாரிக்கிறது.

விலையே எல்லாம் என்போர் கடையின் அலமாரியைக் கவனிப்பதில்லை. கிள்ளானில் 1987இல் ஒரு மளிகைக் கடையிலிருந்து தொடங்கி 2024 செப்டம்பரில் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட 99 ஸ்பீட்மார்ட் போன்ற சிறு அங்காடிகளில் இடம் குறுகியது; பருமனான டயப்பர் பைகளில் சில பெயர்களுக்கே அங்கு இடமுண்டு, அந்த இடம் கிடைக்காத மலிவுச் சரக்கு மலிவாக இருந்தும் பயனில்லை. இரவில் கசிந்து இருமுறை மாற்றவைக்கும் டயப்பர் மலிவானதும் அன்று.

ட்ரைபர்ஸின் புதிய உரிமையாளருக்கு மரக்கூழும் சொந்தமாக இருப்பதால் இனி எவரும் அதன் விலையோடு போட்டியிட இயலாது என்று அண்மையில் சேர்ந்துகொண்ட வாதமும் அவசரமானது. அக்குழுமத்தின் இந்தோனேசிய ரியாவ் ஆலை தரும் அக்கேசியாக் கூழ் குட்டை இழையுடையது, மென்தாளுக்கு உகந்தது. டயப்பருக்கு வேண்டியது ஊசியிலை மரங்களின் நெட்டிழைக் கூழ், அதில் பெரும்பகுதி அமெரிக்காவின் தென் மாநிலப் பைன் காடுகளிலிருந்து வருகிறது. ஆகவே கிள்ளானில் ஒரு டயப்பரின் அடக்கவிலையில், ரியாவ் தோட்டங்களைவிட அந்தக் காடுகளுக்கும், ரிங்கிட்டுக்கு எதிரான டாலர் மதிப்புக்குமே இன்னமும் பெரும்பங்கு உண்டு.