"உடம்பு தானாகப் பார்த்துக்கொள்ளும்" என்று வொய்ஸ் அனுப்புவோருக்கு



ஊர் வட்ஸ்அப் குழுமங்களில் அந்த வொய்ஸ் மறுபடியும் சுற்றுகிறது. "அல்லாஹ் தந்த உடம்பு தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும். சின்னமுத்து வந்தால் வரட்டும், இயற்கையான சக்தி கிடைக்கும். பிள்ளைக்கு ஊசி எதற்கு?" அனுப்பியவர்களில் எங்களிடம் படித்தவர்களும் இருக்கிறார்கள். விஞ்ஞானம் படிப்பித்த நாங்கள் இனியும் வாய் மூடி இருந்தால் அது எங்கள் பிழை.

முதல் பாதி உண்மைதான். தோல், மூக்குச் சளி, இரைப்பை அமிலம் எல்லாம் காவல். அதைத் தாண்டி வரும் கிருமியை வெண்குருதிக் கலங்கள் பிடிக்கும். அதற்கென்றே பிறபொருளெதிரிகள் உருவாகும். முதல் தடவை இதற்குப் பல நாட்கள் எடுக்கும். ஆனால் ஞாபகக் கலங்கள் அந்தக் கிருமியை மறக்காது. அடுத்த தடவை வந்தால் உடனே அடிக்கும்.

சரி, ஊசி என்ன செய்கிறது? வலுக்குறைத்த கிருமியை உடம்புக்குக் காட்டுகிறது. அவ்வளவுதான். பிறபொருளெதிரியைச் செய்வதும் ஞாபகம் வைப்பதும் அதே அல்லாஹ் தந்த உடம்புதான். ஊசியை உடம்புக்கு எதிரியாக்கிப் பேசுகிறவருக்கு உடம்பும் தெரியாது, ஊசியும் தெரியாது.

"வருத்தம் வந்து சுகமானால் இன்னும் நல்லதுதானே?" என்று கேட்கிறார்கள். தப்பிய பிள்ளைக்குச் சின்னமுத்து திரும்ப வராது என்பது சரி. ஆனால் அதற்குக் கொடுக்கும் விலை? சின்னமுத்து வைரஸ் தேடிப் பிடித்து அழிப்பது அந்த ஞாபகக் கலங்களையே. நெதர்லாந்தில் மத நம்பிக்கையால் ஊசி போடாத ஒரு கிறிஸ்தவ சமூகத்தில் 2013இல் சின்னமுத்து பரவியது. 77 பிள்ளைகளின் இரத்தத்தை வருத்தத்துக்கு முன்னும் பின்னும் எடுத்துப் பார்த்தார்கள். 2019இல் வெளியான முடிவு: மற்ற நோய்களுக்கென உடம்பு சேர்த்து வைத்திருந்த பிறபொருளெதிரிகளில் 11 தொடக்கம் 73 வீதம் வரை போய்விட்டது. ஊசி போட்ட பிள்ளைகளில் அப்படி நடக்கவில்லை. அதாவது, "இயற்கையான சக்தி" வேண்டும் என்று சொல்லி, இருந்த சக்தியையும் இழக்கச் சொல்கிறீர்கள்.

"ஜெலட்டின் இருக்கிறது, ஹராம்" என்பது அடுத்த கதை. 1995இல் குவைத்தில் உலமாக்களும் வைத்தியர்களும் கூடி இதைப் பேசி முடித்துவிட்டார்கள். பொருள் முற்றாக மாறிவிட்டால் சட்டமும் மாறும், இதுதான் இஸ்திஹாலா. சந்தேகம் இருந்தால் உங்கள் பள்ளி ஹஸ்ரத்திடம் கேளுங்கள், வொய்ஸிடம் கேட்க வேண்டாம். ஓட்டிசம் கதையும் அப்படியே. 1998இல் லான்செட் சஞ்சிகையில் 12 பிள்ளைகளை வைத்து எழுதிய கட்டுரையை, 2010இல் அந்தச் சஞ்சிகையே வாபஸ் வாங்கியது. எழுதிய வைத்தியரின் பதிவும் அதே ஆண்டு பறிபோனது.

"தவக்குல் வையுங்கள்" என்கிறீர்கள். ஒட்டகையைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் எங்களுடையது. சின்னமுத்தையும் பெரியம்மையையும் பிரித்துக் காட்டித் தனி நூல் எழுதியவர், ஆயிரத்து நூறு வருடங்களுக்கு முன் வாழ்ந்த அபூபக்ர் அர்-ராஸீ. அந்தப் பாரம்பரியத்தில் வந்தவர்கள் இன்று பெயர் தெரியாத ஒரு வொய்ஸுக்குப் பின்னால் போகிறோம்.

"என் பிள்ளை, என் விருப்பம்" என்று ஒரு வாப்பா எங்களிடம் சொன்னார். அவருடைய பிள்ளை இருக்கும் வகுப்பில்தான், மாதாமாதம் மஹரகமைக்குப் போய் மருந்தேற்றி வரும் பிள்ளையும் இருக்கிறது. அந்தப் பிள்ளைக்கு இந்த ஊசி போட முடியாது. ஒன்பது மாதம் ஆகாத குழந்தைகளுக்கும் வழமையில் போடுவதில்லை. இவர்களுக்கு நாங்கள்தான் மதில். ஒரு சின்னமுத்து நோயாளி, நிர்ப்பீடனம் இல்லாத 12 தொடக்கம் 18 பேருக்குக் கொடுப்பார். அவர் அறையை விட்டுப் போனாலும் இரண்டு மணித்தியாலம் வரை கிருமி காற்றில் நிற்கும். மதில் நிற்க 100க்கு 95 பேர் இரண்டு ஊசியும் போட்டிருக்க வேண்டும்.

2019இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையில் சின்னமுத்து ஒழிந்துவிட்டது என்று அறிவித்தது. 2023இல் அது திரும்பி வந்தது. 2024 ஜனவரியில் சில மாவட்டங்களில் ஆறு மாதக் குழந்தைகளுக்கும் மேலதிக ஊசி போட வேண்டிய நிலை ஏற்பட்டது. மதிலில் ஓட்டை விழுந்தது யாரால்?

உம்மாமாரே, இன்றிரவே கிளினிக் கார்டை எடுத்துப் பாருங்கள். ஒன்பது மாதத்திலும் மூன்று வயதிலும் எம்.எம்.ஆர் பதிந்திருக்க வேண்டும். விடுபட்டிருந்தால் வெட்கப்பட வேண்டாம், மிட்வைஃப் மிஸ்ஸிடம் சொல்லுங்கள். ஊசி இலவசம். வாப்பாமாரே, தடுக்காதீர்கள். நேரமில்லை என்றால் சொல்லுங்கள், எங்கள் ஆசிரியைகளில் ஒருவர் கூட வருவார்.

அந்த வொய்ஸை அனுப்பியவர்களுக்கு ஒரே வேண்டுகோள். அனுப்பிய அதே குழுமத்தில் இதையும் போடுங்கள்.

வஸ்ஸலாம்.