தரையின் கீழும் நோக்குக

குளியலறையைப் புதுக்க எண்ணுவோர் முதலில் நாடுவது மாபிள் கடையையே. நிறமும் மெருகும் பார்த்துத் தெரிந்தெடுத்த கற்களைப் பழைய தரையின் மேலேயே பதித்துவிட்டு, வேலை முடிந்ததென மகிழ்கின்றனர். அத்தரையின் கீழ் 40, 50 ஆண்டுகளாகக் கிடக்கும் கழிவுநீர்க் குழாயை நினைப்போர் சிலரே. "தண்ணீர் போகிறதுதானே!" என்பர். போகிறது, எங்கே போகிறது என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

முன்னாளில் இட்ட குழாய்களுட் பல சுட்ட மண்ணாலோ வார்ப்பிரும்பாலோ ஆனவை. மண்குழாயின் சீமெந்து மூட்டுகள் நாளடைவில் வெடிக்கும். ஈரத்தைத் தேடி மரவேர்கள் அவ்வழியே நுழையும். இரும்புக் குழாயோ உள்ளே கறள் ஏறி ஒடுங்கும். பின்னர் அரித்துத் துளைபடும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் இது வீட்டுச் சேதம் மாத்திரமன்று. வற்றாத ஆறொன்றும் இல்லாத அந்நிலத்திற் கிணற்றை நம்பி வாழ்வோர் பலர். கீழிருப்பதோ வெடிப்பும் பொந்தும் நிறைந்த சுண்ணாம்புக்கல். கசியும் அழுக்கு நன்கு வடிபடாமலே கிணற்றூற்றைச் சேரக்கூடும். அடுத்த வளவுக் குழந்தையின் வயிற்றோட்டத்துக்கு நமது குளியலறையே காரணமாகலாம்.

ஆதலின், தரையைக் கிளறும் வேளையே குழாயை மாற்றவும் ஏற்ற வேளை. 4 அங்குலப் பீ.வி.சி. குழாய்க்கு 40 அடி நீளத்தில் 1 அடி இறக்கம் என்னும் அளவிற் சரிவு கொடுத்தல் நன்று. திருப்பத்தில் ஒரே செங்கோண வளைவை விடுத்து, இரண்டு அரைவளைவுகளை இடுக. பழைய மண்குழாயுடன் பொருத்துமிடத்திற் சீமெந்தை நம்பலாகாது, அது பீ.வி.சி.யிற் பற்றாது. இறப்பர் இணைப்பே தக்கது. தரையை மூடுமுன் கீழ்முனையை அடைத்து, நீர் நிரப்பி, மட்டம் இறங்குகின்றதா என ஒரு மணி நேரமாயினும் பார்க்க வேண்டும். அதுவரை மேசனாரை அவசரப்படுத்தற்க.

தரைவடிகாலின் வளைவில் 2 அங்குல ஆழத்துக்குத் தேங்கும் நீரையும் மறத்தலாகாது. கீழுள்ள நாற்றத்தையும் கிருமியையும் தடுக்கும் கதவு அதுவே. 2003இல் ஹொங்கொங்கின் அமோய் கார்டன்ஸ் மாடிக் குடியிருப்பில் 300க்கு மேற்பட்டோரைச் சார்ஸ் நோய் பற்றியது. அந்நீர் வற்றிக் கிடந்த வடிகால்கள் வழியே நோய் வீட்டுக்கு வீடு பரவியதென ஆய்ந்தோர் கண்டனர்.

மாபிளின் அழகை விருந்தினர் காண்பர். குழாயின் செம்மையை எவரும் காணார். ஆயினும், செலவைச் சுருக்க வேண்டின் மாபிளிற் சுருக்குக, குழாயிற் சுருக்கற்க.